வெஸான் தீவில் யார் போய்ச் சொல்வார்கள்

1

இது நான் கற்பனை செய்த கதை இல்லை. பதினொரு மாதம் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். அதை ஒப்புக்கொள்ள நேர்வழி தெரியாததால் கதை என்று பெயர் வைத்து எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலோ பேனா பிரான்சுக்கு ஓடிவிடுகிறது. முதல் வரைவு இப்படி இருந்தது:

"பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டானிக் கரைக்கு அப்பால் வெஸான் என்றொரு தீவு. மரம் அதிகமில்லை, காற்று நிற்பதில்லை. ஆண்கள் கப்பலுக்குப் போய்விடுவார்கள். நிலத்தைக் கொத்தி விதைத்தவர்கள் கறுப்பு உடை உடுத்திய பெண்கள். அவர்கள் கடலைப் பார்த்தபடி..."

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தீவை நான் பார்த்ததே இல்லை. பார்த்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

2

2006 பிப்ரவரி, அபுதாபியின் ருவைஸ். கடலுக்கடியில் குழாய் பதிக்கும் கம்பெனியில் நான் டைம் கீப்பர். யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று குறிப்பது என் டூட்டி. சோலையப்பன் கமுதிப் பக்கத்து ஆள். பார்ஜ் என்கிற மிதவையில் கிரேனுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை. கேம்பில் நாங்கள் ஒரே ரூம்.

[அவர் எப்படிப்பட்டவர் என்று இங்கே எழுத வேண்டும். மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். செத்தவர்களை எழுதினால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். சோலையப்பன் குறட்டை விடுவார். என் சோப்பைப் போட்டுக் குளித்துவிட்டு, இல்லவே இல்லை என்று சாதிப்பார். நீச்சல் தெரியாது.]

அன்று ஷமால் என்கிற வடமேற்குக் காற்று. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து, பார்ஜிலிருந்து படகுக்குக் கயிற்றேணியில் இறங்கினார். அலை தூக்கியது. ஏணி சுழன்றது. அந்த நொடியில் அவர் முகத்தில்

இல்லை. நான் அங்கே இல்லை. படகிலிருந்த ஈசா என்கிற வங்காளதேசத்துக்காரர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பாய், ஏக் ஹாத் தேகா. பஸ்." ஒரு கை தெரிந்தது. அவ்வளவுதான்.

ஐந்து நாள் தேடினார்கள். ஆறாவது நாள் போர்மேன் "கலாஸ்", முடிந்தது, என்றார். உடல் கிடைக்கவில்லை.

3

வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போனது. அதில் 'காணவில்லை' என்று மட்டும் இருந்தது. மிச்சத்தைத் தமிழில் சொல்லும் பொறுப்பை ஆபீஸ் என்னிடம் விட்டது. அவர் மனைவி நாகவள்ளியிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டு ஜோதிமணியின் செல்லில்தான் பேச வேண்டும்.

"அண்ணே, அவுக கெடச்சாகளா?"

"தேடுறாங்கம்மா."

முதல் நாள் அது உண்மை. ஆறாவது நாளும் அதையே சொன்னேன். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு மிஸ்டு கால் வரும். நான் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிடுவேன்.

"தேடுறாகளாண்ணே?"

"தேடுறாங்கம்மா."

"அந்தக் கடலு ரொம்பப் பெருசாண்ணே?"

"பெருசுதாம்மா."

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்: "நான் பொட்டு வச்சுக்கிட்டுத் திரியிறத எங்க மாமியா ஒரு மாதிரியாப் பாக்குறாக. போட்டோவுக்கு மாலை போடணுங்குறாக. போடவா, வேணாமாண்ணே?"

"வேணாம்மா" என்றேன்.

(இந்த இடத்தில் என்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வரும்படி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

4

தேடிய முக்குளிப்பவர்களின் சூப்பர்வைசர் எர்வே, அந்த வெஸான் தீவுக்காரர். கேம்பில் எல்லோருக்கும் அவர் 'ஏர்வேஸ்'. அடுத்த ஜனவரியில் டைம்ஷீட்டில் கையெழுத்து வாங்கப் போனபோது, "அந்த மனைவி எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

திட்டவில்லை. டைம்ஷீட்டின் பின்பக்கம் கடலுக்குள் மூக்கை நீட்டிய ஒரு நிலத்தை வரைந்தார். அதற்கு அப்பால் ஒரு புள்ளி வைத்தார். அங்கே ஆண்கள் கடலில் தொலைந்தால், ஒரு பெரியவர் பொழுதுசாயப் போய்க் கதவைத் தட்டுவாராம். "குழந்தாய், இன்று உன் வீட்டில் புரோயெல்லா" என்பாராம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, விரலளவு மெழுகுச் சிலுவை ஒன்றை உடலுக்குப் பதிலாக வைப்பார்கள். ஊரே கூட உட்கார்ந்திருக்கும். மறுநாள் பிணத்தை எடுப்பதுபோல அதை எடுத்துக் கோயிலுக்குப் போவார்கள். ஊர் திரும்புவது என்றுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்று அவர் அம்மா சொல்வாராம். 1962-இல் நடந்ததுதான் கடைசி. அப்போது எர்வேக்குப் பத்து வயது.

"எங்கள் ஊரில் மனைவி தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. யாராவது போய்ச் சொல்வார்கள். உங்கள் ஊரில் யார் போய்ச் சொல்வார்கள்?" என்று கேட்டார்.

[உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைப்பது நம்மிடமும் உண்டு. அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா?]

5

இங்கே கதைக்கு அழகான ஒரு முடிவு கிடைக்கிறது. ரூம்காரர்கள் மெழுகுவர்த்தியை உருக்கி உருவம் செய்து, லீவில் போகிற ஒருவர் கையில் கமுதிக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். எழுதியும் பார்த்தேன். அதைப் படித்த நண்பர் வெங்கட்ராமன் அழுதுவிட்டார். கிழித்துப் போட்டேன். அப்படி எதுவும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த வெள்ளிக்கிழமை கூப்பிட்டு, "தேடலம்மா. பிப்ரவரியிலயே நிறுத்திட்டாங்க. அவர் வரமாட்டார்" என்றேன்.



"மாசியிலயேவா?"

"ஆமாம்மா."

"அப்ப சித்திரையில நான் கேட்டது?"

"பொய் சொன்னேம்மா."

"ஆடியில?"

"அதுவும் பொய்தான்."

ஒவ்வொரு மாதமாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

"கார்த்திகைக்கு வாசல்ல வெளக்கு வச்சேனேண்ணே" என்றாள். லைன் அறுந்தது. அவளே வைத்துவிட்டாளா, கார்டு தீர்ந்ததா என்று நான் பார்க்கவில்லை.

6

அடுத்த வெள்ளி, காலை பத்து மணி. மிஸ்டு கால்.

"அண்ணே, தேடுறாகளா?"

அதே குரல். போன வாரம் எதுவுமே பேசாததுபோல.

வெஸானில் சொல்ல வந்தவருக்குப் பின்னால் ஊரே வந்தது. எனக்குப் பின்னால் யாருமில்லை என்று எழுதலாம், உண்மைதான். ஆனால் அது சாக்கு.

"தேடுறாங்கம்மா" என்றேன்.

"சரிண்ணே."

அடுத்த மாதம் அஜ்மானில் வேலை கிடைத்துப் போனேன். நம்பரை மாற்றினேன். புது நம்பரை அவளுக்குக் கொடுக்கவில்லை.

7

இது 2009. முடிவு என்னிடம் இல்லை. நாகவள்ளி என்ன ஆனாள் என்று எழுதினால் அதுவும் இன்னொரு பொய். உங்களில் யாராவது கமுதிப் பக்கம் போனால் விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

போன வருடம் லீவில் போனபோது மதுரை பஸ் ஸ்டாண்டில் கமுதி வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். "ஏறுங்க சார், எடம் இருக்கு" என்றார் கண்டக்டர்.

"அடுத்த வண்டியில வர்றேன்" என்றேன்.