ஹுர்ரியத்தின் மெத்தைகளில் வந்த புகை

"என் கண்ணு அவ்வளவு பொல்லாததாடி? வீட்டுக்குள்ளயே வந்து எனக்குப் புகை போடுற?" என்று ஹுர்ரியத் கேட்டது கோசோன்சோய் ஊர்ச் சந்தையில், ரொட்டிக்காரிகள் உட்காரும் வரிசைக்கு எதிரில். கேட்கப்பட்டவள் அவளுடைய இறந்துபோன தம்பியின் மனைவி ஓய்தின். விஷயம் இதுதான்: ஓய்தினின் கார் எங்கே ஓடினாலும் அதன் புகை ஹுர்ரியத்தின் வீட்டில் வந்தது. மரப்பெட்டி மேல் அடுக்கியிருந்த பஞ்சு மெத்தைகளின் இடுக்கிலிருந்து நீலமாகக் கிளம்பி, உத்தரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜன்னல் வழியே போய்விடும். கார் தம்பியுடையது. அவன் இறந்த நாற்பதாம் நாள் விருந்து முடிந்த மறுநாள் ஓய்தின் சாவியை எடுத்து நமங்கான் நகரத்துக்கு வாடகைக்கு ஆள் ஏற்றத் தொடங்கினாள். புகையும் அன்றே வரத் தொடங்கியது.

கண்ணேறு கழிய இசிரிக் செடியைக் காயவைத்துக் கொளுத்திப் புகை காட்டுவது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. ஆனால் கண் வைத்தவள் இவள்தான் என்று ஒருத்தியின் வீட்டுக்கே போய்ப் புகை காட்டினால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஹுர்ரியத் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். புகை காரினுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஓய்தின் வேண்டுமென்றே அனுப்புகிறாள் என்பதிலும் இல்லை. "எனக்கு வேற வேலை இல்லையாக்கா?" என்று ஓய்தின் சொன்னதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு ஓய்தினின் இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் ஆனது, தெருவுக்குத் தார் போட்டார்கள், பெட்ரோல் விலை ஏறியது. புகை வந்துகொண்டே இருந்தது. ஹுர்ரியத் வீட்டு மெத்தைகளை அந்துப்பூச்சி அண்டுவதில்லை என்று கண்ட தெருப் பெண்கள், குளிர் போனதும் தங்கள் கம்பளித் துணிகளைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள்.

ஒரு வசந்தத்தில் கார் எஞ்சின் ஆயிலைத் தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தது. பிளக்குகள் கரி பிடித்து, ஏற்றத்தில் வண்டி இருமி நின்றது. பயணிகள் வேறு காருக்கு மாறினார்கள். மெக்கானிக் துர்திஅலி குனிந்து, நிமிர்ந்து, தொப்பியைத் தள்ளிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஆயில் குறையுதுன்னா எரியுது. எரிஞ்சா புகை வரணும். பின்குழாய்ல வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிச்சுப் பார்த்தேன், அவ்வளவு வெள்ளை, அதைக் கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்கே போகலாம். நான் எதைப் பார்த்துச் சொல்றது?"

"வண்டி பிழைக்குமா அண்ணே?"

"புகை எப்ப வருதுன்னு தெரியணும். மேடு ஏறுறப்ப வந்தா பிஸ்டன் ரிங்கு போச்சு. எஞ்சினையே பிரிக்கணும், அதுக்கு நீ வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். காலையில கிளப்புறப்பவும், இறக்கத்துல ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டுத் திரும்ப மிதிக்கிறப்பவும் வந்தா வால்வு சீலு. ஒரு நாள் வேலை. போய் உன் நாத்தனாரைக் கேளு."

"நீங்களே கேட்டுட்டு வாங்களேன்."

"எஞ்சினுக்குள்ள கை விடுவேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல விட மாட்டேன்."

காரை விட்டால் ஓய்தினுக்கு வேறு பிழைப்பு இல்லை. இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். ஹுர்ரியத் ரொட்டியை வாங்கிப் பிட்டு வைத்தாள், ஏனென்றால் வந்த ரொட்டியைத் திருப்பி அனுப்புவது அங்கே பாவம். தேநீரை மட்டும் கிண்ணத்தின் விளிம்பு வரை ஊற்றினாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"புகையை நான் அனுப்பலக்கா. வண்டிக்கு உடம்பு சரியில்ல. அது எப்பெப்ப வருதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

ஹுர்ரியத் மெத்தைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "விடிகாலைத் தொழுகை முடிஞ்சதும் ஒரு கொத்து வரும். நீ கிளம்பிட்டேன்னு அர்த்தம். அப்புறம் சும்மா இருக்கும். நேரத்தை வச்சுக் கணக்குப் போட்டா, இறக்கத்துல வாய்க்கால் பாலத்துகிட்ட ஒண்ணு, பருத்தி ஆலைத் திருப்பத்துல ஒண்ணு. நமங்கான் ஊருக்குள்ள போனதும் நின்னுடும்."

"சாயங்காலம், மேடு ஏறுறப்ப?"

"வராது. ஒரு நாள்கூட வந்ததில்ல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "வீடு வந்து சேர்ந்தியா இல்லையான்னு, மறுநாள் காலையில புகை வந்தாத்தான் எனக்குத் தெரியும்."

ஓய்தின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான் அனுப்பலன்னு அன்னைக்கே சந்தையில சொல்றதுக்கென்ன, வாயில ரொட்டியா வச்சிருந்த?" என்று ஹுர்ரியத் அதட்டினாள். பிறகு வேறொரு கிண்ணம் எடுத்து, அடியில் இரண்டு மடக்கு மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அப்படி ஊற்றினால் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும். வந்தவள் இருந்தாக வேண்டும்.

துர்திஅலி எஞ்சினைப் பிரிக்கவில்லை. மேல்மூடியைக் கழற்றி, வால்வுத் தண்டுகளில் மாட்டியிருந்த, இறுகிக் கல்லாகிப்போன சின்ன ரப்பர் குல்லாக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் போட்டான். பாதாம் கொட்டைகள் விழுந்ததுபோல் சத்தம் கேட்டது. புதியவற்றை மாட்டினான். மறுநாள் விடிகாலை கார் கிளம்பியது, மெத்தைகளிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஆயில் குறைவது நின்றது, பயணிகள் திரும்பினார்கள், தெருப் பெண்கள் முகம் சுளித்துக்கொண்டு கம்பளித் துணிகளைத் தூக்கிப் போனார்கள். பின்குழாயிலிருந்து போகாத புகை ஒரு வீட்டுக்குள் எப்படிப் போனது என்று துர்திஅலியும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

புகை வராத அந்த முதல் நாள் சாயங்காலம் ஓய்தின் மேடேறி வந்து தன் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, ரப்பர் செருப்போடு ஹுர்ரியத் அங்கே நின்றிருந்தாள். கிட்டே வந்து காரின் முன்மூடி மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளை ஒரு முறை பார்த்தாள். ஓய்தின் கதவைத் திறந்து இறங்குவதற்குள், திரும்பித் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.