வட்டத்துக்குள் வந்த அண்ணன்

தையற்கடையில் பத்து மணி நேரம் மிஷின் மிதித்துவிட்டு வருகிற கால்தான். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் மன்றத்து மாடி ஹாலுக்கு வந்துவிட்டால் அது தலைக்கு மேலே எழும். நாற்பத்தொரு வயதுத் தையல்காரிக்கு வேறென்ன வேண்டும்?

கபோய்ரா. பிரேசிலில் அடிமைகளாகக் கிடந்த ஆப்பிரிக்க மக்கள், எஜமானர்கள் கண்ணில் மண்ணைத் தூவி, ஆட்டம் போலவே பழகிய சண்டை. ஒருவர் ஒற்றைக் கம்பி வில்லைத் தட்ட, மற்றவர்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாட, நடுவில் இருவர் ஆடுவார்கள். அந்த வட்டத்தில் குறுக்கே நடக்க யாருக்கும் உரிமை கிடையாது. உள்ளே வந்தால் ஆடியே தீரவேண்டும்.

அண்ணனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? புருஷனை விட்டுவிட்டு வந்து தன் வீட்டில் ஒண்டியிருக்கும் தங்கச்சி, கண்டவர்களோடு குட்டிக்கரணம் போடுகிறாள். அவ்வளவுதான் அவன் கணக்கு. "இன்னியோட நிறுத்து. இல்லன்னா என் வீட்ல உனக்கு இடமில்ல" என்று காலையில் காபி டம்ளரை வைத்த கையோடு சொன்னான். பெரிய மனுஷன்!

அவள் வழக்கம்போல வந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான். செருப்புக் காலோடு விறுவிறுவென்று வட்டத்துக்குள் நுழைந்தான். அவளோடு ஆடிக்கொண்டிருந்த நர்ஸ், அடுத்த ஆள் வந்துவிட்டார் என்று ஒதுங்கி இடம் விட்டாள்.

"வாடி வீட்டுக்கு!"

வில் தட்டிய பஸ் மெக்கானிக்கும் அப்படியே நினைத்து வேகத்தைக் கூட்டினார். கைதட்டல் ஹாலை நிறைத்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. உடம்பைச் சாய்த்துக் காலைச் சுழற்றினாள். அண்ணன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் குதிகால் பறந்தது. அவன் பதறிக் குந்தினான்.

"அடடா, புது ஆளு நல்லாவே குனியறாரு!" என்றாள் நர்ஸ்.

எழுந்தான். மறுபடி கால் வந்தது. மறுபடி குந்தினான். ஒரு செருப்பு எங்கேயோ போய் விழுந்தது.

"என்னை அடிச்சிருவியாடி?" அவனுக்கு மூச்சு வாங்கியது.

"இல்லண்ணா. அடிக்க முடியும்னு காட்டறதோட சரி."

அவன் சுற்றிலும் பார்த்தான். யாரும் கைதட்டலை நிறுத்தவில்லை.

"ராத்திரி வீட்டுப் பக்கம் வந்துடாதே!"

"காலைல நீ சொன்னதுமே என் பெட்டியக் கடைக்குக் கொண்டு போயிட்டேன். இப்ப ஒண்ணு ஆடு, இல்லன்னா நகரு. ஆளுங்க காத்திட்டிருக்காங்க."