முப்பத்தைந்து நிமிடம்

பதிப்பாசிரியர் கிர்ஸ்டி வாசகர் கடிதங்களை மேசைமேல் பரப்பி வைத்திருந்தாள். மொத்தம் பதினொன்று. அவற்றில் ஒன்பது ஒரே குறையைத்தான் சொல்லின.

"இந்த ஜெர்மன்காரர் ஸ்டாப்வாட்ச் வெச்சே அளந்திருக்காரு. டீன் வில்லேஜ்லேர்ந்து ஸ்டாக்பிரிட்ஜ் வரைக்கும், ஆத்தோரமா, பதிமூணு நிமிஷமாம். நம்ம புத்தகத்துல முப்பத்தஞ்சு போட்டிருக்கு. இவங்க லீட்ஸ்லேர்ந்து எழுதியிருக்காங்க. எழுபத்திரண்டு வயசு, முட்டி ஆபரேஷன் ஆனவங்க. பதினஞ்சு நிமிஷத்துல போய்ட்டாங்களாம். 'நூலாசிரியர் உயிரோட இருக்காரா'ன்னு கேட்டிருக்காங்க."

"பாக்கறதுக்கு நெறைய இருக்கு அந்த வழியில. நின்னு நின்னுதானே போகணும்," என்றார் அந்த நூலாசிரியர், நினியன் ஹால்டேன்.

"எட்டு பதிப்பா இதையே சொல்றீங்களாம். எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர் எச்சரிச்சுட்டுத்தான் போனார்."

எடின்பரோவைக் காலால் நடந்து பார்க்க வருகிறவர்களுக்கான கையடக்கப் புத்தகம் அது. பன்னிரண்டு வழிகள், பன்னிரண்டு வரைபடங்கள். கோட்டை திறக்கும் நேரம் மாறினால் நினியன் மறுநாளே திருத்தி அனுப்பிவிடுவார். மூடிப்போன மதுக்கடையை நீக்க அவருக்குத் தயக்கமே கிடையாது. வழிகளின் நேரத்தைத் தொட்டால் மட்டும் மனிதர் கல்லாகிவிடுவார். அதற்கென்று ஒரு கேடயமும் வைத்திருந்தார். அன்றும் அதைத் தூக்கினார்.

"வரைபடம், நேரம் எல்லாம் ரோனா பெய்ர்டோடது. அவங்க சம்மதம் இல்லாம கை வைக்க முடியாது. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

"தெரியும். அதான் நேத்தே அவங்களுக்கு மெயில் போட்டேன்."

இருபத்தாறு வருடங்களாகப் புத்தாண்டுக்குப் புத்தாண்டு ரோனாவுக்கு ஒரு அட்டை எழுதி, உலகத்தின் அடுத்த கோடிக்கு அனுப்பி, அங்கிருந்து ஒரு அட்டை வரும் வரை தபால் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் நினியன். இந்தப் பெண் அவளுக்கு ஒரு பொத்தானைத் தட்டிக் கடிதம் போட்டுவிட்டாள்.

ரோனா கிளாஸ்கோக்காரி. வரைபடம் வரைவது அவள் தொழில். நினியன் அப்போது ஆவணக் காப்பகத்தில் எழுத்தர். பதிப்பகம்தான் இருவரையும் சேர்த்துவிட்டது. ஒன்றரை வருடம், சனிக்கிழமை தவறாமல் அவள் ரயிலேறி வந்தாள். அவர் சொல்வார், அவள் வரைவாள். கடிகாரம் அவள் கையில்தான் இருந்தது. வழி முடிந்ததும் காகித ஓரத்தில் பென்சிலால் நிமிடத்தை எழுதி அதற்கடியில் ஒரு கோடு போடுவாள். ஒரு பழைய சுவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் நினியன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசச் சொன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவார். அவளும் சுவரைப் பற்றியே கேட்டாள். பாலத்தடியில் நின்று கேட்டாள், நாரை நின்ற இடத்தில் நின்று கேட்டாள், ஏற்கெனவே சொன்னதையே மறுபடியும் கேட்டாள். தன் வாழ்க்கையில் அந்தச் சனிக்கிழமைகளைத் தவிர வேறெதையும் நினியன் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டதில்லை. அதை அவளிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் வினை.

எடின்பரோக்காரர்களைப் பற்றிக் கிளாஸ்கோக்காரர்கள் கட்டிவைத்திருக்கும் கதை ஒன்று உண்டு. மாலை வேளையில் யாராவது வாசலில் வந்து நின்றால், எங்கே சாப்பாடு போடவேண்டி வருமோ என்று, 'டீயெல்லாம் முடிச்சுட்டுத்தானே வந்திருப்பீங்க?' என்று இவர்கள் முந்திக்கொள்வார்களாம். டீ என்றால் இங்கே மாலைச் சாப்பாடு. ரோனாவே இதைச் சொல்லி அவரை எத்தனையோ முறை சீண்டியிருக்கிறாள்.

முதல் பதிப்பின் அச்சுப்படிகளைத் திருத்தி அனுப்பிய வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை, சொல்லாமல் கொள்ளாமல் அவள் மூன்று மாடி ஏறி வந்து அவர் கதவைத் தட்டினாள். கடலிலிருந்து மூடுபனி ஏறி ஊரே நனைந்திருந்தது. அவள் தலைமுடியெல்லாம் ஈரம். நினியன் கதவைப் பாதி திறந்தபடி நின்றார். உள்ளே சமையலறைக் கூரையிலிருந்து தொங்கும் துணிக்கொடியில் அவருடைய பனியன்களும் நீளக் கால்சட்டை உள்ளாடைகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அடுப்பில் இரண்டே இரண்டு உருளைக்கிழங்கு. இதையெல்லாம் அவள் பார்க்கக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான் மனிதருக்கு.

"நீ டீ முடிச்சுட்டுத்தான் வந்திருப்ப," என்றார்.

நகைச்சுவையாகச் சொல்லவில்லை. விரட்டவும் சொல்லவில்லை. அப்பாவும் தாத்தாவும் அதே வாசலில் நின்று சொன்னதை வாய் தானாகச் சொல்லிவிட்டது. விளையாடுகிறாரா என்று ரோனா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை போல.

"ஆச்சு நினியன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து நியூசிலாந்திலிருந்து, டுனெடினிலிருந்து, முதல் அட்டை வந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை என்று எழுதியிருந்தாள். 'அன்று அந்த வேலைக் கடிதம் என் பையில் இருந்தது. போகவா என்று உன்னிடம் கேட்கலாமென்றுதான் வந்தேன்' என்றும் ஒரு வரி. படுபாவி மனிதர் அந்த வரிக்குப் பதில் எழுதியிருக்கலாம். இந்த வருடம் மழை அதிகம் என்று எழுதினார். அவள் அங்கேயே ஒருவரை மணந்துகொண்டாள். நான்கு வருடம் முன்பு கணவர் இறந்துபோனதையும் அட்டையில்தான் எழுதினாள். அதற்காவது நினியன் நாலு பக்கம் எழுதினார். தபாலில் போட்டது என்னவோ இரண்டு வரிதான்.

டுனெடின், இங்கிருந்து போனவர்கள் இந்த ஊரின் ஏக்கத்தில் கட்டிக்கொண்ட ஊர். அங்கேயும் பிரின்சஸ் தெரு உண்டு, ஜார்ஜ் தெரு உண்டு, இங்குள்ள லீத் ஆற்றின் பெயரிலேயே ஓர் ஆறுகூட உண்டு. நினியன் அந்த ஊர் வரைபடத்தை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். நூலகத்திலிருந்து ஆற்றோரமாக அவள் வீடு வரை விரலாலேயே நடப்பார். ஒரே பெயருள்ள தெருவில் நடந்துகொண்டு ஒருத்தி இல்லையே என்று ஏங்குவது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், அவரால் ஒரு புத்தகமே எழுதியிருக்க முடியும். யாரும் கேட்கவில்லை. அதனால், தங்கள் இருவர் நடையின் நேரத்தை முன்பின் தெரியாத வெளியூர்க்காரர்கள் கையில் கொடுத்து, முப்பத்தைந்து நிமிடம் ஆகும், முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்று எட்டு பதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் அந்த எண்ணை அப்படித்தான் வைத்திருப்பாள் என்பது அவர் நம்பிக்கை.

மறுவாரம் ரோனாவின் பதிலைக் கிர்ஸ்டி படித்துக் காட்டினாள்.

'நேரங்கள் எல்லாமே தவறு. அப்போதே தவறுதான். தாராளமாகத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் அளப்பது நினியன் ஹால்டேனாக இருக்கட்டும். ஆற்றோர வழியை அளக்கும் அன்று மட்டும் என்னைத் தொலைபேசியில் கூப்பிடச் சொல்லுங்கள்.' கீழே எண்.

தவறு. அப்போதே தவறு. நினியன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அளந்துட்டு வரேன்," என்றார்.

மூன்று வாரத்தில் பதினொரு வழிகளை அளந்தார். நாற்பது நிமிடம் பதினெட்டு ஆயிற்று. ஐம்பது, இருபத்திரண்டு ஆயிற்று. தனியாக நடந்தால் இந்த ஊர் இவ்வளவுதான் என்பது அவருக்கு இத்தனை வருடம் தெரியாமல் இல்லை. இப்போது அதைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. புதன்கிழமை வரை பன்னிரண்டாவதான ஆற்றோர வழியைத் தள்ளிப்போட்டார்.

வியாழன் காலை ஆறரை மணிக்கு டீன் வில்லேஜின் சிறிய பாலத்தில் நின்று, கைபேசியில் ரோனாவின் எண்ணை அழுத்தினார். மே மாதம், நன்றாக விடிந்திருந்தது. அங்கே மாலை ஐந்தரை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"நினியனா?"

கிளாஸ்கோ இழுப்பு அப்படியே இருந்தது.

"ஏம்ப்பா, மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குது. இருக்கியா?"

"இருக்கேன் ரோனா. பாலத்துல நிக்கறேன்."

"நான் இப்பத்தான் நூலகத்தை விட்டு வெளிய வரேன். நானும் லீத் ஓரமாதான் போகணும். இங்க இருட்டப்போகுது. கடிகாரத்தை ஓட விடு, நடப்போம்."

நடந்தார்கள். ஆற்றின் தடுப்பணையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றாள். தன் பக்கத்து லீத்துக்கு சிமெண்டுக் கரை கட்டி அதைச் சாக்கடை மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று திட்டினாள். தலைக்கு மேலே வெகு உயரத்தில் இன்னொரு பாலம், பெரிய டீன் பாலம், வந்தது. அதைக் கட்டிய கதையை அவர் ஆரம்பித்தார்.

"தெரியும், நீ நாலு தடவ சொல்லியிருக்க," என்றாள். "நினியன், நான் எப்பவுமே வேகமா நடக்கறவ. எங்க அம்மா என்னை ஊரைவிட்டு ஓடறவ மாதிரி நடக்காதடின்னு திட்டுவாங்க. உன்கூட மட்டும்தான் மெதுவா நடந்தேன். அதான் தப்பான நேரம்னு எழுதினேன். தெரிஞ்சேதான் தப்பா அளந்தேன். ஏன்னு நீ ஒரு நாளாவது யோசிச்சியா?"

நினியன் நான்கு அடி நடந்தார்.

"செருப்பு கடிக்குதுன்னு நெனச்சேன்."

அவரே விளக்கத் தொடங்கினார்.

"அதனாலதான் முதல் பக்கத்துலயே, வசதியான காலணி போட்டு வரவும்னு..."

அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அடப்பாவி," என்றாள். "எட்டு பதிப்பா!"

வட்டமான கல் மண்டபம் வந்தது. அதன் நடுவில் நிற்கும் பெண் சிலையைப் பார்த்துக்கொண்டே நினியன் கேட்டார். முகத்துக்கு நேரே என்றால் கேட்டிருக்க மாட்டார்.

"அன்னிக்கு நீ சாப்பிட்டிருக்கலதானே?"

"இல்ல. பசியில உயிர் போச்சு. ஸ்டேஷன்ல ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கித் தின்னுட்டே போனேன். உப்பு வேற அதிகம்."

"ரெண்டு உருளைக்கிழங்கு இருந்தது, ரோனா. ஒண்ணு உனக்குக் குடுத்திருக்கலாம்."

இதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வந்தது இதுதான். அவளுக்கு அது போதுமாக இருந்ததோ என்னவோ, நடந்துகொண்டே இருந்தாள். அவளுடைய காலடி கேட்டது. வேகமான காலடிதான். போகப் போக அது மெதுவாகிக்கொண்டே வந்தது.

சுவர் முடிந்து வீடுகள் ஆரம்பித்தன. ரொட்டிக் கடைக்காரர் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். வழி முடியும் இடத்தில், ஸ்டாக்பிரிட்ஜ் பாலத்துக்கு ஏறும் படிகளுக்கு எதிரே, நினியன் நின்றார். கடிகாரம் பதினேழு நிமிடம் காட்டியது. அவர் அதை நிறுத்தவில்லை.

"வந்து சேந்துட்டியா?" என்றாள் ரோனா.

படிகள் அவர் காலடியிலேயே இருந்தன. மேலே முதல் பேருந்து போயிற்று. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இல்ல," என்றார் நினியன். "இன்னும் நெறைய தூரம் இருக்கு. நீ?"

"என் வீட்டு விளக்கு தெரியுது," என்றாள். பிறகு, "எனக்கும் இருக்கு," என்றாள்.

நாயோடு வந்த ஒரு பெண்மணி அவர் ஏறுவதற்காக ஒதுங்கி நின்றாள். நினியன் அவளுக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துவிட்டு, கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே வந்த வழியில் திரும்பி நடந்தார். ஆறு இப்போது எதிரே வந்துகொண்டிருந்தது.