அண்ணிக்கு ஒரே ஒரு வசனம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, அண்ணியின் வாயைக் கிளறிக் கறந்தது. நாடகக் குழுவில் பதினோரு வருடம் வாய் திறக்காமல் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றவருக்கு முதல்முறையாக ஒரு வசனம் கிடைத்தது: "அவர் உயிரோடுதான் இருக்கிறார்." சொதப்பினால் மறுபடியும் கூட்டம்தான்.

2

தொடக்கம் ஒன்று: மூன்று அரங்குகள் கொண்ட அந்த மாபெரும் கலை வளாகம், மாலை வெயிலில் தகதகவென்று... (போதும். சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது.)

தொடக்கம் இரண்டு: அண்ணி ஓடினார்.

இதையே வைத்துக்கொள்கிறேன். மேடைகளுக்குப் பின்னால் நீளமாக ஓர் இருட்டு நடை. அதில் அச்சடித்த மாதிரி மூன்று கதவுகள்: நாடகம், நடனம், இசை. மூன்று குழுக்களும் அங்கேயே குடியிருப்பவை.*

ஒத்திகைக்கு அண்ணி எப்போதும் படிக்கட்டுப் பக்கமிருந்து வருவார். முதல் கதவு நாடகம். நாடகம் அரங்கேறிய அன்று, வேடம் போட்டுக்கொண்டு, ஒப்பனை அறை இருக்கும் மறுகோடியிலிருந்து வந்தார். வசனத்தை முணுமுணுத்தபடி, பழக்கதோஷத்தில், முதல் கதவையே தள்ளினார்.

* பாய் தலையணையோடு அல்ல. வருடம் முழுக்க அந்த மேடை அவர்களுடையது, அவ்வளவுதான்.

3

எண்பது பேர். வயலின் வில்கள் அத்தனையும் தந்திக்கு மேலே அசையாமல் நிற்கின்றன. பெரிய முரசுக்குப் பின்னால் அண்ணி, கந்தல் வேடத்தில்.

"தம்பி, எல்லாரும் ஒண்ணா மூச்சு இழுத்தாங்க. பாட்டு அதுக்கப்புறம்தான் வந்துச்சு. முன்னால உக்காந்திருக்கறவங்களுக்கு அந்த மூச்சு கேக்கவே கேக்காது. எனக்குக் கேட்டுச்சு. உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு."

இதை எழுதும்போது எனக்கும்...

(எனக்கும் என்ன? சொல் கிடைக்கவில்லை. அப்படியே விடுகிறேன்.)

முரசு அடிப்பவர் திரும்பாமலே கிசுகிசுத்தார்: "அம்மா, நாடகம் அந்தக் கடைசிக் கதவு."

அண்ணி போய்ச் சேர்வதற்குள், பக்கத்தில் நிற்கவேண்டிய பெண் அந்த வசனத்தைச் சொல்லி முடித்திருந்தாள். இயக்குநர் திட்டவில்லை. இனி வசனம் அவளுக்கே என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார்.

4

"கதையிலயாவது என்னைச் சரியான கதவுக்கு அனுப்பு" என்று அண்ணி கேட்டார். அனுப்பினேன். வசனம் சொன்னார், கைதட்டல் அடங்கவில்லை. வாசித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. அந்த மூச்சு எங்க?"

"சரியான கதவுன்னா அது கேக்காதே அண்ணி."

"அப்ப வசனத்த விட்டுடச் சொல்றியா?"

கேட்பவர் பதினோரு வருடம் காத்திருந்தவர்.

ஆகவே அவரை நடையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். மணி அடித்துவிட்டது. ஏதாவதொரு கதவைத் திறந்தே ஆகவேண்டும், எனக்குக் கை வரவில்லை. நீங்கள் திறந்துவிடுங்கள். எதைத் திறந்தீர்கள் என்று அண்ணியிடம் மட்டும் சொல்லாதீர்கள்.