இருபத்தைந்து வட்டங்கள்

ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை எண்ணத் தெரியாதவர்களை நாங்கள் ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை. எண்ணத் தெரிந்தும் எண்ண முடியாமல் போகிறவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்.

ஒரு தாள். அதில் இருபத்தைந்து வட்டங்கள் கண்டபடி சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண். பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கோடு போட்டுச் சேர்க்க வேண்டும். நான் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்திருப்பேன். ஈரல் கெட்டுப்போனால் குடலில் ஊறும் நஞ்சை வடிகட்ட ஆளில்லை. அது ரத்தத்தோடு ஓடி மூளைக்கு ஏறும். முற்றிய பிறகு யாருக்கும் தெரியும். ஆள் உளறுவார், மயங்கிவிழுவார். ஆனால் அதற்குப் பல மாதங்கள் முன்னாலேயே, நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தாளில் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தை எத்தனை நொடியில் பிடிக்கலாம் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. என் வேலைக்கு ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்று முழநீளப் பெயர். கையில் இருப்பது பென்சில், தாள், ஸ்டாப்வாட்ச்.

நோயாளிகள் கிடைத்துவிட்டார்கள். ஆரோக்கியமானவர்கள்தான் கிடைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க முப்பது பேர் வேண்டும் என்று எங்கள் பெரிய டாக்டர் உயிரை வாங்கினார். எதைச் சொன்னாலும் "சராசரி என்ன?" என்றுதான் கேட்பார் என்பதால், அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சராசரி என்றே பெயர். லிஃப்ட்காரர், கேன்டீன் பெண்கள், ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஆட்கள் என்று கண்ணில் பட்டவரையெல்லாம் இழுத்துவந்து உட்காரவைத்தேன். "குடிப்பழக்கம் உண்டா? ஈரல் நோய் இருப்பதாக யாராவது சொல்லியிருக்கிறார்களா?" இரண்டுக்கும் இல்லை என்றால் ஆரோக்கியமானவர். அவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க எங்களுக்கு அனுமதி கிடையாது. தாளும் பென்சிலும் மட்டும்.

இருபத்தொன்பது பேர் ஆயிற்று. முப்பதாவதாக என் அண்ணனைப் பிடித்தேன்.

நாங்கள் ஒரே வீடு. கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நான். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவன் வேனில் ஒன்பது பிள்ளைகள். யாருக்கும் அவன் நாக்கில் சொந்தப் பெயர் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் அன்றைய வரிசையை ஒப்பிப்பான், பாட்டுப் பாடுகிற மாதிரி: "பச்ச கேட்டு, ரெட்டப்பல்லு, பேக்கரி, அழுமூஞ்சி, மாடிப்படி, கும்பகர்ணி, வக்கீல் வீட்டுப் பொண்ணு, பென்சில்திருடன், கடைசியா நம்ம கலெக்டர். எல்லாரும் இறங்கியாச்சு." கும்பகர்ணிக்கு ஐந்து வயது. வேன் கிளம்பிய இரண்டாவது நிமிடம் தூங்கிவிடுவாள். அண்ணன்தான் தினமும் தோளில் போட்டுக்கொண்டுபோய் அவள் அம்மாவிடம் கொடுப்பான்.

சாராய வாடையே ஆகாதவன் அண்ணன். சர்க்கரை உண்டு, தொப்பை உண்டு. அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை?

ஒரு சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். "என்னடி பரீட்ச? பாஸானா என்ன குடுப்ப?"

"ஃபெயிலாகாம இரு, அது போதும்."

நாற்காலியில் நிறைந்து உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு தொடங்கினான். ஒன்பது வரைக்கும் சரியாகத்தான் போனான். பிறகு பென்சில் நின்றது. பத்து அவன் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் தாள் முழுக்கத் தேடினான். பதினாறுக்குப் பிறகு நேராகப் பதினெட்டுக்குப் போனான். தவறினால் தட்டிக்காட்டித் திருத்தச் சொல்ல வேண்டும் என்பது விதி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன்தானே என்று விட்டுவிட்டேன். முடித்தபோது தொண்ணூற்றேழு நொடி. கேன்டீன் பெண் ஒருத்தி, என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, முப்பத்திரண்டில் முடித்திருந்தாள்.

"கண்ணாடி மாத்தணும் போல" என்றான்.

"ஸ்கூல் வேன் ஓட்டுற ஆளு எண்ணுற லட்சணமா இது?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சராசரி அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "இது ஆரோக்கியமானவங்க கூட்டத்துல ஒட்டவே இல்லையே. இத ஒண்ணச் சேர்த்தா என் சராசரியே கெட்டுப்போகும். யாரிது?"

"எங்கண்ணன் சார். குடிக்க மாட்டான், ஒண்ணும் கிடையாது."

"அப்ப கவனமில்லாம செஞ்சிருப்பார். எடுத்துடுங்க. வேற ஆளக் கொண்டாங்க."

நீக்கிய தாளுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. 'கவனக்குறைவு' என்று என் கையாலேயே எழுதி, நீக்கியவை என்ற கோப்பில் போட்டேன். அன்று மாலையே முடிவெட்டுகிறவர் ஒருவர் வந்து நாற்பது நொடியில் முடித்துக் கொடுத்தார். முப்பது நிறைந்தது. சராசரி முதல்முறையாக எனக்கு டீ வரவழைத்தார்.

நோயாளிகளிடம் கேட்க என்னிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. இரவில் தூக்கம் கெட்டிருக்கிறதா? பகலில் தூங்கி வழிகிறாரா? சட்டைப் பொத்தான் மாட்டத் தடுமாறுகிறாரா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா? வெளிக்குப் போகாமல் எத்தனை நாள்? ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் கேட்பேன். தூக்கத்தில் எழுப்பினாலும் வரிசை மாறாமல் சொல்வேன்.

அடுத்த வாரங்களில் அண்ணி மாடிக்கு வரும்போதெல்லாம் ஒரு புகாரோடு வந்தாள். "உங்கண்ணன் ராத்திரியெல்லாம் கூடத்துல நடக்கிறாரு. பகல்ல சோறு தின்னுகிட்டே தூங்குறாரு." இன்னொரு நாள்: "சட்டப் பொத்தான மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு, நான் சரி பண்ணப் போனா சள்ளுன்னு விழறாரு." என் கேள்வித்தாளை யாரோ எனக்கே படித்துக்காட்டுகிற மாதிரி இருந்தது அது. எனக்குக் கேட்கவில்லை. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தால் காதைக் கழற்றி வைத்துவிடுகிற ஆள் நான். அதுவும் போக, அவன் ஆரோக்கியமானவன். அதை முடிவு செய்து உட்காரவைத்ததே நான்தான்.

"தூக்க மாத்திர ஏதாவது குடுக்கலாமா?" என்று அண்ணி கேட்டாள்.

"அரை மாத்திர குடுங்க அண்ணி. ஒண்ணும் ஆகாது."

ஈரல் நோயாளிக்குத் தூக்க மாத்திரை கூடவே கூடாது என்று எங்கள் சுவரில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியதும் நான்தான்.

தாள் நீக்கிய ஏழாவது வாரம். பள்ளியில் பரீட்சை நடந்ததால் பன்னிரண்டு மணிக்கே விட்டுவிடுவார்கள். எனக்கு அன்று விடுப்பு. மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு முன்பே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. வாசலில் நிழல் கிடையாது. வெயில் கொளுத்தியது.

இரண்டு மணியை நெருங்கும்போது அண்ணி கீழிருந்து கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டே துணியைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

"கும்பகர்ணியோட அம்மா பேசுறாங்க. பாப்பா இன்னும் வரலையாம். ஒரு மணி நேரமா இவர் ஃபோனுக்கு அடிக்கிறாங்களாம், எடுக்கலையாம். ஸ்கூல்ல கேட்டு என் நம்பர வாங்கியிருக்காங்க. எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு."

அண்ணன் கட்டிலில் செருப்போடு கிடந்தான். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறந்தது, பார்வை என்மேல் நிற்கவில்லை. அவன் வாயிலிருந்து அழுகிய இனிப்பு மாதிரி ஒரு வாடை வந்தது. எங்கள் வார்டில் எனக்குப் பழகிய வாடை. வீட்டுக்குள் அதை முகர்ந்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணா, பிள்ளைங்கள எல்லாம் இறக்கிட்டியா?"

"இறக்கியாச்சே."

"சொல்லு. வரிசையாச் சொல்லு."

அவன் சிரித்தான். அந்தப் பாட்டு மெல்ல, இழுத்து இழுத்து வந்தது. "பச்ச கேட்டு... ரெட்டப்பல்லு... பேக்கரி... அழுமூஞ்சி... மாடிப்படி..." நிறுத்தினான். கண்கள் கூரையில் எதையோ தேடின. அந்தத் தேடலை நான் முன்பே பார்த்திருக்கிறேன், தாளில். "வக்கீல் வீட்டுப் பொண்ணு..."

மிச்சத்தைக் கேட்க நான் அங்கே இல்லை.

வேனின் கைப்பிடி கையைச் சுட்டது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. முன் சீட்டில் அவன் ஃபோன் வெளிச்சம் போட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. பின் சீட்டில், புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். முகம் சிவந்து காய்ந்திருந்தது, வியர்வை கூட இல்லை. தூக்கினால் தலை தொங்கியது. மூக்கில் விரல் வைத்தேன். மூச்சு இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் அவளிடம் மிச்சமில்லை.

அவளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி. அண்ணனுக்கு நான்காவது மாடி, என் மாடி. பயிற்சி டாக்டர் வந்து அவனிடம், "கையை நீட்டுங்க, போலீஸ்காரர் வண்டிய நிறுத்துற மாதிரி" என்றாள். நான் ஆயிரம் பேருக்குச் சொன்ன வாக்கியம். நஞ்சு மூளைக்கு ஏறியிருந்தால் அந்தக் கை நிற்காது. நீட்டிய கைகள் மணிக்கட்டில் சரிந்து சரிந்து விழுந்தன. ஸ்கேனில் ஈரல் சுருங்கிக் கட்டிகட்டியாகியிருந்தது. துளி குடிக்காத மனிதனின் ஈரலைக் கொழுப்பும் சர்க்கரையும் தின்று தீர்த்திருந்தன. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை, மேலே தூக்க மாத்திரை வேறு. சராசரி ஸ்கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். நஞ்சு இறங்கித் தெளிந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "வேன யாரு ஓட்டுறா?"

மூன்றாம் நாள் காலையில் குழந்தை கண் விழித்தாள். அம்மா என்று சொன்னாள். இடது கை மட்டும் இன்னும் அசையவில்லை, வருமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார்கள்.

அன்று மதியம் அவள் அம்மா எங்களைத் தேடி நான்காவது மாடிக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து அண்ணி எழுந்து என் முன்னால் நின்றுகொண்டாள். அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை.

"நான் கத்த வரலைங்க. ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அவருக்கு உடம்பு சரியில்லன்னு முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா? சின்னதா ஏதாவது?"

"சத்தியமா இல்லம்மா" என்றாள் அண்ணி. அழுதுகொண்டே என் கையைப் பிடித்து இழுத்து அவள் முன்னால் நிறுத்தினாள். "இவ அவரு கூடப்பிறந்த தங்கச்சி. இந்த ஈரல் வியாதி ஆராய்ச்சியிலதான் எட்டு வருஷமா வேலை பாக்குறா. அப்படி ஏதாவது இருந்திருந்தா இவ கண்ணுக்குத் தப்பியிருக்குமா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நம்பிவிடத் தயாராக இருந்தாள். யாருக்கும் தெரியாது, விதி என்று சொல்லிவிட்டால் அவளுக்கும் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். அண்ணியும் காலம் முழுக்க என் முகத்தில் விழித்திருப்பாள். தலையை ஒரு தடவை ஆட்டியிருந்தால் போதும்.

அன்று காலையில்தான் நீக்கியவை கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். கிழித்துப் போடவா, வைத்துக்கொள்ளவா என்று எனக்கே தெரியாமல்தான் எடுத்தேன்.

"தப்பல" என்றேன். "ஏழு வாரத்துக்கு முன்னாடியே பாத்தேன்."

அண்ணி என் கையை விட்டாள்.

தாளை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை கோடு போட்டுச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அண்ணனின் பென்சில் கோட்டின்மேல் சுட்டுவிரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. உதடுகள் எண்ணின. விரல் நிதானமாகப் போனது, பதினாறில் வந்து நின்றது. கோடு போன திசையைப் பார்த்தாள். திரும்பவும் பதினாறுக்கு வந்தாள்.

"பதினேழு எங்கம்மா?" என்று கேட்டாள்.