கலீஜ் மாஃபி

என் வீட்டுக்காரர் கார்மேகம் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லிச் சிரித்த கதை இது. இப்போது நான் எழுதி வைக்கிறேன்.

2009. அல் ஐனுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். ஆறு கடைகள் உள்ள வரிசையில் எங்கள் லாண்டரி நடுவில் இருந்தது. நான் அடுத்த தெருவில் சாகிர் பாயின் டைப்பிங் சென்டரில் அரபிப் படிவங்கள் அடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக மார்ச்சில் ஊருக்குப் போனவள் மே கடைசியில்தான் திரும்பினேன்.

டாக்சியிலிருந்து இறங்கியதும் இடம் மாறி வந்துவிட்டோமோ என்றிருந்தது. ஆறு கடைக்கும் புது வெள்ளை அடித்திருந்தார்கள். அவர் முழங்கால் போட்டு வாசற்படியைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"பலதியாக்காரன் நோட்டீஸ் குடுத்துட்டான் மீனா. நம்ம வரிசையே கலீஜாம். ஆகஸ்டுல லைசென்ஸ் கிடையாதாம். இருவது வருசமா ஊரான் அழுக்கை எடுக்கிறவன் கடையைப் பார்த்து கலீஜுன்னுட்டானே!"

பலதியா என்றால் நகராட்சி. லைசென்ஸ் போனால் விசா போகும். பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"யாரு சொன்னது?"

"எங்காதால கேட்டேங்க்கா," என்றான் முனியசாமி. காசிமேட்டுக்காரன், இஸ்திரி போட வந்து சில மாதமே ஆகியிருந்தது. நோட்டீஸ் வந்தபோது கடையில் அவன் மட்டும்தான். "கடைங்கள காட்டிக் காட்டி கலீஜி, கலீஜின்னான். ஆகஸ்ட்டு லைசென்ஸு மாஃபின்னான். எனக்கே பேஜாராப் பூட்ச்சு."

இவருக்கு அரபி படிக்க வராது; வெட்கத்தில் அந்தக் காகிதத்தைச் சாகிர் பாயிடம்கூடக் காட்டவில்லை. பலதியா சோதனைக்கு வருகிறது என்று மட்டும் சொல்லி மற்ற ஐந்து கடைக்காரர்களையும் சுண்ணாம்பு அடிக்க வைத்திருந்தார்.

வாங்கிப் படித்தேன். வளைகுடா நாடுகளின் பொது நாணயம் வந்ததும் பழைய நோட்டுகளை மாற்றிக் கொடுக்க ஒரு மண்டபம் கட்டுவார்களாம். அதற்கு இந்த இடம் வேண்டுமாம். நான் சிரித்ததில் டாக்சிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கலீஜ்னா வளைகுடாங்க! அழுக்கு இல்ல!"

"அது எனக்குத் தெரியாதா? ஒருத்தன் கடையைக் காட்டி எவனாவது வளைகுடாம்பானா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. விமானத்தில் படித்த செய்தி நினைவுக்கு வந்தது. அந்தப் பொது நாணயத் திட்டத்திலிருந்து எமிரேட்ஸ் போன வாரம்தான் விலகியிருந்தது. நாணயமே இல்லையென்றால் மண்டபம் எதற்கு?

மறுநாள் பலதியாவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த அதிகாரி தலையாட்டினார். "பேப்பரில் நானும் படித்தேன். மேலிருந்து எங்களுக்கு உத்தரவு வரவில்லை. வரும்வரை நோட்டீஸ் நோட்டீஸ்தான்."

அன்று மாலையே அரபியில் ஒரு மனு அடித்தேன். 'நாடே வேண்டாம் என்று விட்ட திட்டத்துக்கு எங்கள் ஆறு கடைகள் ஏன் போக வேண்டும்?' ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முனியசாமி மட்டும், வந்தவன் சொன்னது அழுக்கைத்தான் என்று தினமும் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்து அதே அதிகாரி ஃபைலோடு இடத்தைப் பார்க்க வந்தார். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக நடந்தார். நான் வாய் திறப்பதற்குள் முனியசாமி ஈரத் துணியோடு முன்னால் போய் நின்று பளபளக்கும் தரையைக் காட்டினான்.

"சார், கலீஜ் மாஃபி! கலீஜ் கலாஸ்!"

அழுக்கு இல்லை, அழுக்கு தீர்ந்தது என்று அவன் சொன்னான். வளைகுடா இல்லை, வளைகுடா முடிந்தது என்று அதிகாரி காதில் விழுந்தது. ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"திட்டம் முடிந்ததை எங்கள் ஆபீசுக்கே இன்னும் சொல்லவில்லை, இஸ்திரி போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது!"

எங்கள் கண் முன்னாலேயே, நோட்டீஸை ரத்து செய்யலாம் என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இன்னாக்கா, நல்லாத்தானே சொன்னேன்?" என்றான் முனியசாமி. இவர் அவனை அப்படியே தூக்கிவிட்டார்.

ஆகஸ்டில் புது லைசென்ஸ் வந்தது. பலதியா கவரில் மடித்துத் தந்திருந்தார்கள். இவர் அதை மேசையில் விரித்து, மேலே வெள்ளைத் துணி போட்டு, பட்டுச்சேலைக்கு வைக்கும் இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டார். பிறகுதான் சட்டம் போட்டு மாட்டினார்.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு மடிப்புத் தடம்கூடக் கிடையாது.