கட்டை அடித்த காய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளிர் கேரம் இரட்டையர் இறுதி ஆட்டம். ஜெயிக்கும் ஜோடி மாவட்டப் போட்டிக்குப் போகும். ராஜபாளையத்து மில் தொழிலாளி பானுப்பிரியா அதற்காக இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, தன் ஜோடி ஸ்ரீப்ரியாவின் வீட்டில் பயிற்சி எடுத்திருந்தாள். அன்று காலையும் இருவரும் சேர்ந்தே ஆண்டாளைச் சேவித்துவிட்டு வந்திருந்தார்கள்.

கடைசி போர்டு. இவர்களுக்குப் பாக்கி ஒரே ஒரு வெள்ளைக் காய், எதிரணிக்கு இரண்டு கறுப்பு. அது கோட்டுக்குப் பின்னால் கிடந்தது. பானுப்பிரியா பெருவிரலால் ஸ்ட்ரைக்கரைப் பின்பக்கம் சுண்டினாள். காய் குழியில் விழுந்தது.

"ஃபவுல்" என்றார் நடுவர் கண்ணபிரான்.

"எங்க ஊர்ல இதுக்குக் கட்டைன்னு பேரு சார். கட்டை அடிச்சா கை தட்டுவாவ."

"இந்தப் போட்டிச் சட்டப்படி பெருவிரல் பட்டாலே ஃபவுல்மா."

"ராசபாளையத்துல கால்கட்டைவிரல்லயும் அடிப்பாவ போல!" என்று கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

கண்ணபிரான் சிரிக்கவில்லை. "வெளியூர்ப் பொண்ணு. சட்டம் தெரியலைன்னா மறு அடி தரலாம். ஸ்ரீப்ரியா, நீ சொல்லலையா?"

எதிரணியில் ஆடிய பங்கஜவல்லி, ஸ்ரீப்ரியாவின் அலுவலக மேலதிகாரி. "இதைக்கூட சொல்லாமலா கூட்டிட்டு வந்தே?" என்றாள்.

ஸ்ரீப்ரியாவின் முகம் சிவந்தது. "முன்னாடியே சொல்லிட்டேன் மேடம். இவதான் கேக்கலை."

பானுப்பிரியாவுக்குக் காது அடைத்தது. எத்தனை ஞாயிறு இதே அடியைப் பார்த்து, "அருமைடி" என்று முதுகில் தட்டியவள்! மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறு அடி கிடைத்துவிடும். ஸ்ரீப்ரியாவைப் பார்த்தாள். அவள் குனிந்தே இருந்தாள்.

"ஆமா சார். சொன்னாவ. நான்தான் மறந்துட்டேன்."

காய் பலகைக்குத் திரும்பியது. இரண்டே அடியில் பங்கஜவல்லி ஆட்டத்தை முடித்தாள்.

பஸ் நிலையத்தில் நின்ற பானுப்பிரியாவிடம் ஸ்ரீப்ரியா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "உண்மையைச் சொல்லியிருக்கலாம்லடி?"

"சொன்னா நீங்க நாளைக்கு அந்த ஆபீசுக்கு எப்படிப் போவிய?"

"எனக்கு அந்த நேரத்துல பயம்..."

"பயம் இருக்கட்டும்க்கா. என்கிட்ட முன்னாலேயே சொல்லியிருந்தா அந்தக் காயை வேற மாதிரி அடிச்சிருப்பேன்லா."

ராஜபாளையம் பஸ் வந்தது. ஏறும்போது கை பற்றிய ஸ்ரீப்ரியாவிடமிருந்து பானுப்பிரியா மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வருவேல்ல?"

"வீட்டுக்கு வாரேன்க்கா. ஆட வரமாட்டேன்."